ரஞ்சியில் மண்டலங்களைக் கலைத்தது சரிதானா? கோவில்பட்டியிலிருந்து ஒரு கணக்கு

கோவில்பட்டிக்காரன் கிரிக்கெட்டைப் பற்றி எழுதினால் ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இது ஹாக்கி ஊர். லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடக்கிற நாட்களில் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. 2022 மே மாதம் ஜூனியர் ஆடவர் தேசிய ஹாக்கிப் போட்டி இங்கேதான் நடந்தது. அதே சமயத்தில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அதில் ஆடிய இந்திய அணியில் எங்க ஊர் மாரீஸ்வரனும், இங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். கரிசல் காட்டில் மழை வருதோ இல்லையோ, ஹாக்கி விளையும்.

ஆனால் இந்தக் கட்டுரைக்கான கேள்வி ஹாக்கிக்கும் கிரிக்கெட்டுக்கும் பொதுவானது. ஒரு போட்டித் தொடரை வரைபடத்தை வைத்துப் பிரிக்கலாமா? வடக்கு, தெற்கு என்று அணிகளைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறிலும் ஜெயித்தவரை மட்டும் மேலே அனுப்புவது நியாயமா? இல்லை, கூறுகளையெல்லாம் கலைத்துவிட வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு குழு விளையாட்டு ஆடியவர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படி படியாகப் போகும் ஏற்பாடுதான் நமக்குத் தெரியும். ஒரே குறுவட்டத்தில் இரண்டு நல்ல அணிகள் மாட்டிக்கொண்டால் ஒன்று முதல் படியிலேயே வீட்டுக்குப் போகும். பக்கத்து வட்டத்தில் சுமாரான ஒரு அணி எதிர்ப்பே இல்லாமல் மாவட்டத்துக்குப் போகும். இதைப் பார்த்துப் பொருமாத பி.டி. வாத்தியார் எங்கள் பக்கம் கிடையாது.

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டில் உள்ள மிக நீளமான பதிவேடு ரஞ்சிக் கோப்பை. 1934-ல் தொடங்கி, 2001–02 வரை மண்டல முறை. 2002–03-ல் அது கலைக்கப்பட்டது. இறுதிப் போட்டிகளின் பட்டியல் முழுசாகக் கிடைக்கிறது. எனக்குச் சோறு போடுவது சாஃப்ட்வேர். பட்டியல் கிடைத்தால் எக்செல்லில் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது.

ரயில் போட்ட கோடுகள்

ரஞ்சியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது. மெட்ராஸும் மைசூரும் ஆடின. எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. மெட்ராஸ் எடுத்தது 130தான். அதுவே ஒரு இன்னிங்ஸ், 23 ரன் வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

அந்த வருட இறுதிப் போட்டி பம்பாய்க்கும் வடஇந்தியா என்ற அணிக்கும் இடையே நடந்தது. வடஇந்திய அணியின் தலைமையிடம் லாகூர். மெட்ராஸிலிருந்து லாகூருக்கு ரயிலில் போய் ஒரு லீக் ஆட்டம் ஆடிவிட்டு வருவதை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு லீவு போட்டு ஆடியவர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தங்களுக்குள் மோதட்டும், ஜெயித்தவர்கள் மட்டும் தூரப் பயணம் போகட்டும் என்பது அன்றைக்கு மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்கள். 1952–53-ல் மத்திய மண்டலம் சேர்ந்து ஐந்தானது. 1956–57 வரை மண்டலத்துக்குள்ளும் நாக்அவுட்தான், 1957–58-லிருந்து லீக்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மண்டலத்துக்கு ஒரே ஒரு டிக்கெட். முதலிடம் பிடித்த அணி மட்டும் மேலே போகும்.

மேற்கில் பூட்டிய கதவு

1957–58-ல் பரோடா ரஞ்சிக் கோப்பையை வென்றது. மேற்கு மண்டல அணி. நாட்டிலேயே முதல் அணி. அடுத்த வருடத்திலிருந்து என்ன நடந்தது என்பது கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 1958–59 முதல் 1972–73 வரை 15 வருடம் தொடர்ந்து பம்பாய்தான் சாம்பியன்.

இந்தச் சாதனையை நாம் எப்போதும் பம்பாயின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். பரோடாவின் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். பம்பாய் கோப்பையை வென்றது என்றால் அது மேற்கு மண்டலத்தையும் வென்றது என்று அர்த்தம். மண்டலத்துக்கு ஒரே டிக்கெட். அப்படியானால் 1958–59 முதல் 1969–70 வரை, 12 வருடங்கள், பரோடா, மகாராஷ்டிரா, குஜராத், சௌராஷ்டிரா ஆகிய நான்கு அணிகளும் ஒரே ஒரு நாக்அவுட் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரு ஆட்டக்காரரின் முழு வாழ்க்கையே அந்த 12 வருடத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த 12 வருடமும் இறுதிப் போட்டியில் பம்பாயிடம் தோற்றவர்கள் யார்? ராஜஸ்தான் 7 முறை. வங்காளம் 2 முறை. மைசூர், ஹைதராபாத், மெட்ராஸ் தலா ஒரு முறை. ராஜஸ்தான் லேசுப்பட்ட அணி இல்லை. சலீம் துரானியும் ஹனுமந்த் சிங்கும் இருந்த அணி. ஆனாலும் நாட்டின் இரண்டாவது சிறந்த அணி ராஜஸ்தான்தானா என்று கேட்டால் பதில் சொல்ல வழியே இல்லை. இரண்டாவது சிறந்த அணி மேற்கு மண்டலத்துக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கலாம்.

தெற்கின் கதை வேறு மாதிரி. இங்கே ஒரு ராட்சதன் இல்லை, மூன்று பலசாலிகள். அறுபதுகளின் பிற்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மைசூரில் பிரசன்னா, சந்திரசேகர். மெட்ராஸில் வெங்கட்ராகவன், வி.வி. குமார். ஹைதராபாத்தில் ஜெய்சிம்மா, பட்டோடி, அப்பாஸ் அலி பெய்க், அபித் அலி. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட். அத்தனை பெரிய பெயர்களை வைத்திருந்த ஹைதராபாத் அந்தப் பத்தாண்டில் இறுதிப் போட்டிக்குப் போனது ஒரே முறை, 1964–65-ல்.

சுவரில் இரண்டு விரிசல்கள்

பூட்டிக் கிடந்தது என்று சும்மா சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும் இல்லையா? பட்டியலிலேயே இருக்கிறது.

முதல் விரிசல் 1948–49. அந்த ஒரே வருடம் மண்டலங்கள் இல்லாமல் ரஞ்சி நடந்தது. அரையிறுதியில் பம்பாயும் மகாராஷ்டிராவும் புனேயில் மோதின. பம்பாய் 651, 714. மகாராஷ்டிரா 407, 604. மொத்தம் 2376 ரன். இன்றைக்கும் பேசப்படுகிற ஆட்டம். அதில் ஜெயித்த பம்பாய் இறுதிப் போட்டியில் யாரைச் சந்தித்தது? பரோடாவை. அதாவது மண்டலக் கோட்டை எடுத்த ஒரே வருடத்தில், கடைசி நான்கில் மூன்று அணிகள் மேற்கைச் சேர்ந்தவை. இறுதிப் போட்டி முழுக்க மேற்கு. அடுத்த வருடமே கோடுகள் திரும்ப வந்துவிட்டன.

இரண்டாவது விரிசல் 1970–71. மண்டலங்கள் அப்படியே இருந்தன. ஒரே ஒரு விதி மாறியது: இனி மண்டலத்துக்கு இரண்டு டிக்கெட். முதலிடமும் இரண்டாமிடமும் நாக்அவுட்டுக்குப் போகும். விதி மாறிய அந்த முதல் வருடத்தில் இறுதிப் போட்டி ஆடியவர்கள் பம்பாயும் மகாராஷ்டிராவும்.

பட்டியலில் இந்த வரிக்கு வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 12 வருடம் நாக்அவுட் வாசலையே மிதிக்காத அணி, கதவு திறந்த முதல் வருடமே கடைசி அறை வரை போயிருக்கிறது. அந்தத் தொடரின் போது கவாஸ்கர், வாடேகர், சர்தேசாய் எல்லாம் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தார்கள். சுதிர் நாயக் தலைமையில் மிச்சமிருந்த பம்பாய்தான் ஆடியது. அப்படியும் பம்பாயே ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

கொஞ்சம் கணக்கு

இறுதிப் போட்டியில் ஒரே மண்டலத்தைச் சேர்ந்த இரண்டு அணிகள் எத்தனை முறை மோதின? இதை மூன்று காலங்களாகப் பிரித்தேன்.

1969–70 வரை, மண்டல முறை நடந்த வருடங்களில்: பூஜ்யம். விதியே அனுமதிக்கவில்லை.

1970–71 முதல் 2001–02 வரை, மண்டலம் உண்டு, ஆனால் இரண்டு டிக்கெட் (1992–93-லிருந்து மூன்று): 32 இறுதிப் போட்டிகளில் 3. பம்பாய்–மகாராஷ்டிரா 1970–71, டெல்லி–ஹரியானா 1985–86, கர்நாடகா–தமிழ்நாடு 1995–96. கடைசியாகச் சொன்னது சேப்பாக்கத்தில் நடந்தது. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கர்நாடகா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது நம்மில் பலருக்கு இன்னும் ஆறவில்லை.

2002–03 முதல் 2024–25 வரை, மண்டலம் இல்லை: கொரோனாவால் நடக்காத 2020–21-ஐக் கழித்தால் 22 இறுதிப் போட்டிகள். பழைய மண்டலக் கணக்குப்படி ஒரே மண்டல மோதல் 4. மும்பை–சௌராஷ்டிரா 2012–13-லும் 2015–16-லும், கர்நாடகா–தமிழ்நாடு 2014–15, குஜராத்–மும்பை 2016–17.

இப்போது ஒரு ஒப்பீடு வேண்டும். மண்டலங்கள் கலைக்கப்பட்ட சமயத்தில் வடக்கிலும் தெற்கிலும் தலா 6 அணிகள், மற்ற மூன்றிலும் தலா 5, மொத்தம் 27. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சீட்டு எடுத்தால் இரண்டும் ஒரே மண்டலமாக இருக்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். அதன்படி 32-க்கு 5 அல்லது 6 வர வேண்டும், வந்தது 3. 22-க்கு 4 வர வேண்டும், வந்தது 4.

அணிகள் எல்லாம் சம பலம் இல்லை, எண்ணிக்கையும் எப்போதும் 27 இல்லை. ஆகவே இதை ஒரு உத்தேசக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம், இவ்வளவு சின்ன எண்களில், பெரிதாக எதையும் சொல்லாது. ஆனால் பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் விதியால் வந்தது. அதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கோப்பை யாருக்குப் போக வேண்டும் என்ற நியாயத்தைப் பொறுத்தவரை பெரிய சீர்திருத்தம் 2002-ல் நடக்கவில்லை. 1970-ல், மண்டலங்களைத் தொடாமலேயே, ஒரு டிக்கெட்டை இரண்டாக்கிய அன்றே நடந்துவிட்டது.

அப்படியானால் 2002 எதற்கு?

டிக்கெட் பிரச்சினை தீர்ந்த பிறகும் மண்டல முறையில் இன்னொரு நோய் இருந்தது. வருடா வருடம் அதே ஐந்து எதிரிகள். அதில் பாதி ஆட்டங்கள் ஆட்டமாகவே இருக்காது.

தெற்கு மண்டலமே சாட்சி. 1988–89-ல் பனாஜியில் தமிழ்நாடு கோவாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912 எடுத்து டிக்ளேர் செய்தது. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம். 1993–94-ல் ஹைதராபாத் ஆந்திராவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 944. எம்.வி. ஸ்ரீதர் 366. சாதனைப் புத்தகத்தில் பளபளப்பாக இருக்கும். கோவா, ஆந்திரா பந்துவீச்சாளர்கள் அந்த நாட்களில் கற்றுக்கொண்டது என்ன? 900 அடித்தவர்களுக்கும்தான் என்ன பயிற்சி? அடுத்த சுற்றில் மும்பையோ டெல்லியோ வரும்போது இந்த ரன்கள் கூட வராது.

2002–03-ல் மண்டலங்கள் போய் எலைட், பிளேட் என்று இரண்டு அடுக்குகள் வந்தன. எலைட்டில் 15 அணிகள், மீதி பிளேட்டில். கடைசியில் வருபவர் கீழே இறங்குவார், பிளேட்டின் இறுதிக்கு வருபவர்கள் மேலே ஏறுவார்கள். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மண்டலமும் பிரிவுதான், அடுக்கும் பிரிவுதான். முன்னது வரைபடத்தை வைத்துப் பிரிப்பது, பின்னது பலத்தை வைத்துப் பிரிப்பது. 2002-ல் பிரிவுகள் ஒழிந்துவிடவில்லை. ஒரு வகை போய் இன்னொரு வகை வந்தது.

அடுக்கு முறைக்கும் அதே டிக்கெட் நோய் உண்டு. ஆரம்பத்தில் பிளேட்டில் இருக்கும் அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த வருடம் ரஞ்சிக் கோப்பையை வெல்ல முடியாது. 2008–09-ல்தான் பிளேட்டில் மேலே வரும் இரண்டு அணிகளையும் கோப்பைக்கான நாக்அவுட்டில் சேர்த்தார்கள். மறுபடியும் அதே வைத்தியம். பிரிவு இருக்கட்டும், கதவைத் திற.

கதவு திறந்த மூன்றாவது வருடம், 2010–11. பிளேட்டில் ராஜஸ்தான், ஹைதராபாத் இரண்டும் இருந்தன. ஜெய்ப்பூரில் இரண்டும் மோதிய ஆட்டத்தில், இரண்டு முறை ரஞ்சி வென்ற ஹைதராபாத் 21 ரன்னுக்கு ஆல் அவுட். அறிமுக ஆட்டத்தில் தீபக் சாஹர் 10 ரன் கொடுத்து 8 விக்கெட். அங்கிருந்து கிளம்பிய ராஜஸ்தான் பிளேட்டைத் தாண்டி, நாக்அவுட்டைத் தாண்டி, வடோதராவில் பரோடாவை முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் முந்திக் கோப்பையை எடுத்தது. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் 8 இறுதிப் போட்டிகள் ஆடி எட்டிலும் தோற்ற அணிக்கு அதுதான் முதல் கோப்பை. அடுத்த வருடமும் அவர்களே. அந்த முறை இறுதியில் தோற்றது நம் தமிழ்நாடு.

அதன் பிறகு வரிசையாகப் புதுப் பெயர்கள். குஜராத் 2016–17. விதர்பா 2017–18. சௌராஷ்டிரா என்ற பெயரில் 2019–20. மத்தியப் பிரதேசம் என்ற பெயரில் 2021–22. எல்லோருக்கும் முதல் முறை. 2024–25-ல் கேரளா வரலாற்றில் முதல் தடவையாக இறுதிக்கு வந்தது. 1957–58-லிருந்து அந்தப் பெயரில் ஆடும் அணி. நாக்பூரில் ஆட்டம் டிரா. முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கோப்பை விதர்பாவுக்கு. தெற்கு மண்டலத்தில் மூன்று பெரிய அணிகளுக்குக் கீழே நான்காவதாக நின்றே பழகிய அணிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் மண்டலக் கலைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மாநிலச் சங்கங்களுக்கு டிவி பணம் வந்தது, மைதானங்கள் வந்தன, வெளி மாநில அனுபவசாலிகளைக் கூட்டி வந்தார்கள். ராஜஸ்தானின் முதல் கோப்பைக்குக் கேப்டன் மகாராஷ்டிராவிலிருந்து வந்த ரிஷிகேஷ் கனிட்கர்தான். ஆனாலும் பலமான அணிகளோடு வருடம் முழுக்க மோதும் வாய்ப்பு இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கடல் தாண்டி அதே கதை

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ஆடும் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது) பல லட்சம் பேர் பார்க்கிற சமாச்சாரம். கல்லூரிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புகளுக்குள் கிழக்கு, மேற்கு என்று பிரிவுகள் வைத்திருந்தார்கள். இரண்டு பிரிவிலும் ஜெயித்தவர்கள் இறுதியில் மோதுவார்கள். பிக் டென் என்ற கூட்டமைப்பில் 2014 முதல் 2023 வரை இப்படி 10 இறுதி ஆட்டங்கள். பத்திலும் ஜெயித்தது கிழக்கு. மேற்கு மண்டலத்துப் பம்பாய் கதைதான். திசை மட்டும் வேறு.

தென்கிழக்குக் கூட்டமைப்பில் 2011 சீசனில் இன்னும் வேடிக்கை. எல்.எஸ்.யு.வும் அலபாமாவும் ஒரே மேற்குப் பிரிவு. எல்.எஸ்.யு. முதலிடம் பிடித்ததால் அலபாமா தன் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில்கூட இல்லை. ஆனால் நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்க 2012 ஜனவரியில் மோதியது அதே இரண்டு அணிகள். அலபாமா 21–0 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது.

2022-ல் விதி தளர்ந்ததும் ஒவ்வொரு கூட்டமைப்பாகப் பிரிவுகளைக் கைவிட்டன. 2024-ல் மேலே சொன்ன இரண்டும் கைவிட்டன. இதில் நமக்கு முக்கியமானது அடுத்து அவர்கள் செய்தது. பிரிவைக் கலைத்தாலும், பரம்பரைப் பகையாளிகள் வருடா வருடம் மோதுவது நின்றுவிடக் கூடாது என்று குறிப்பிட்ட சில ஆட்டங்களை அட்டவணையில் நிரந்தரமாக வைத்தார்கள். பட்டியல் ஒன்று, ஆனால் பக்கத்து ஊர்க்காரனோடு ஆட்டம் உறுதி.

நாம் தொலைத்தது

ரஞ்சியில் இதைச் செய்யவில்லை. 2001–02 வரை தமிழ்நாடு கர்நாடகாவோடும் ஹைதராபாத்தோடும் கேரளாவோடும் வருடம் தவறாமல் ஆடியது. இன்று எந்தக் குழுவில் யார் என்பதைப் பொறுத்தது. சில வருடம் தமிழ்நாடு–கர்நாடகா உண்டு, சில வருடம் கிடையாது. காவிரியை வைத்துக் கிண்டலடிக்கிற அந்த ஆட்டத்துக்கு வரும் கூட்டம் வேறு எந்த லீக் ஆட்டத்துக்கும் வராது. கூட்டம் வராத மைதானத்தில் ஆடுவது ஆட்டக்காரனுக்கும் நல்லதில்லை.

மண்டலம் என்ற எண்ணம் அவ்வளவு சுலபமாகச் சாகவும் இல்லை. 1961–62-லிருந்து மண்டலங்களுக்கு இடையே நடக்கும் துலீப் கோப்பையை 2016–17-ல் நீலம், சிவப்பு, பச்சை என்று நிற அணிகளாக மாற்றினார்கள். 2022-ல் மண்டலங்கள் திரும்பின. 2024-ல் ஏ, பி, சி, டி அணிகள். 2025-ல் மறுபடி மண்டலம். நிற அணிக்காகக் கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன விளக்கம் சொல்வது?

என் பக்கம்

கேள்விக்கு வருகிறேன். பிரிவுகளை ஒழிக்கலாமா?

ஒரு பிரிவு இரண்டு வேலை பார்க்கிறது. யார் யாரோடு அடிக்கடி ஆட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. யார் கோப்பைக்குப் போட்டியிடலாம் என்றும் தீர்மானிக்கிறது. முதல் வேலைக்கு வரைபடம் நல்ல கருவி. பயணம் குறையும், பகை வளரும், கூட்டம் வரும். இரண்டாவது வேலைக்கு அது மோசமான கருவி. 12 வருடம் பரோடாவும் மகாராஷ்டிராவும் கொடுத்த விலை அதைச் சொல்கிறது. ரஞ்சி 2002-ல் இரண்டு வேலையையும் சேர்த்தே பறித்துவிட்டது. பறிக்க வேண்டியது இரண்டாவதை மட்டும். தமிழ்நாடு–கர்நாடகா, மும்பை–மகாராஷ்டிரா போல ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தையாவது நிரந்தரமாக அட்டவணையில் வைக்க இன்றைக்கும் எந்தத் தடையும் இல்லை.

அடுக்குகளுக்கும் இதே அளவுகோல்தான். 2018–19-ல் புதுச்சேரி, பீகார், வடகிழக்கு மாநிலங்கள் உள்ளிட்ட 9 அணிகள் வந்தபோது எல்லாவற்றையும் பிளேட்டில் போட்டது சரி. மேலே வரும் கதவு எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. ஹாக்கியிலும் 2025-லிருந்து தேசிய சீனியர் போட்டியை ஏ, பி, சி என்று பலம் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அங்கேயும் கீழ்ப் பிரிவில் இருக்கும் மாநிலத்தின் பையனுக்கு எவ்வளவு சீக்கிரம் மேலே வர வழி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம் என்று தோன்றினால் திரும்பக் குறுவட்டத்துக்கு வாருங்கள். எங்கள் வானம் பார்த்த பூமியில் ஹாக்கி மட்டை பலருக்கு வேலைக்கான வழி. போலீஸ், ரயில்வே, ராணுவம், அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. இதற்கெல்லாம் எந்த மட்டத்தில் ஆடினாய் என்ற சான்றிதழ்தான் பேசும். கோவில்பட்டி மாதிரி ஒரு ஆட்டம் ஊறிப்போன இடத்தில், ஒரே குறுவட்டத்தில் இரண்டாவதாக வரும் அணி, வேறு பல வட்டங்களில் முதலாவதாக வரும் அணியை விட நன்றாக ஆடக்கூடியது. அந்தப் பையன்களின் கையில் இருப்பது குறுவட்டச் சான்றிதழ் மட்டும்.

குறுவட்டங்களைக் கலைக்கச் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளை முதல் சுற்றுக்கே தூத்துக்குடி வரை பஸ் ஏற்ற முடியாது. அந்தந்த விளையாட்டில் பலமான வட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கொடுக்கலாம். முந்தைய மூன்று வருட மாவட்ட, மாநில முடிவுகளைப் பார்த்தால் எந்த வட்டம் எந்த விளையாட்டில் பலம் என்று ஒரு மதியத்தில் கணக்குப் போட்டுவிடலாம். ஹாக்கிக்கு எங்கள் வட்டம், கபடிக்கு இன்னொன்று, கைப்பந்துக்கு வேறொன்று. மாவட்ட அட்டவணையில் கூடுதலாக ஒன்றிரண்டு ஆட்டம் வரும், ஒரு நாள் நீளும். செலவு அவ்வளவுதான்.